நேராக்கிய முகம்

ஸ்டுடியோவில் போட்டோக்களைத் திருத்தும் டச்சப் அக்காவிடம் முகத்தைக் கொடுத்தால் பத்து வயது குறையும் என்று அந்தக் கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. பத்து என்பது கொஞ்சம் அதிகம். ஐந்து என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கன்னத்துப் பரு, மூக்கில் கண்ணாடி அழுத்திய தடம், சரியாகத் தூங்காத கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை, ஒரு பக்கம் மட்டும் எழுந்து நிற்கும் சட்டைக் காலர், எல்லாமே அவள் கை பட்டால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். வீட்டில் அவளுக்கு வைத்த பெயரைக் கடைத்தெருவில் யாரும் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை.

கல்யாணமாகி அந்தப் போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்த புதிதில் அவளுக்கு மவுஸைப் பிடிக்கவே தெரியாது. அவள் கணவர், ஸ்டுடியோக்காரர், படம் எடுப்பதில் கெட்டிக்காரர். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னால் மட்டும் உடனே கொட்டாவி விடுவார். அதனால் அந்த வேலை இவள் தலையில் விழுந்தது, விழுந்ததை இவளும் விடாமல் பிடித்துக்கொண்டாள். இப்போது கடைத்தெருவில் பாதிப் பேரை அவளுக்குப் பெயரால் தெரியாது, மச்சத்தால்தான் தெரியும். கோணலாக எதைப் பார்த்தாலும் அவள் கை சும்மா இருக்காது. சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் எழுந்து போய் நேராக்குவாள். ஒருமுறை பேருந்தில் முன்சீட்டுக்காரரின் மடங்கிய காலரை எடுத்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். "இவளுக்குக் கண்ணு பார்க்கும், கை சரிபண்ணும். நடுவுல மூளைக்கு வேலையே கிடையாது" என்று கணவர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கேலியில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது தெரிந்த நாளில் அவராலும் சிரிக்க முடியவில்லை, அவளாலும் முடியவில்லை.

அந்த நாளுக்கு முந்தைய வாரம் முழுக்க அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. காரணம், கேமராவில் வந்த ஒரு கோளாறு. ஸ்டுடியோக்காரர் எப்போதும் இடது கண்ணால்தான் கேமராவுக்குள் பார்ப்பார். ஒரு குடும்பத்தை வரிசையாக நிற்கவைத்து, அசையக் கூடாது என்று அதட்டிவிட்டுக் கண்ணை வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார். மேலிருந்து கறுப்புத் திரை இறங்கினமாதிரி எல்லாம் இருட்டிக்கொண்டு வந்ததாம். நிமிர்ந்து பார்த்தார், குடும்பம் நன்றாகத் தெரிந்தது. மறுபடி கேமராவுக்குள் பார்த்தார், இருட்டு. ஆகவே குற்றம் கேமராவுடையது என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார். லென்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே திரை தானாக விலகிவிட்டது. கண்ணை மாற்றி, வலது கண்ணால் ஒரு தடவை பார்த்திருந்தால் கேமராவில் எந்தக் கோளாறும் இல்லை என்று புரிந்திருக்கும். ஆனால் ஆயுசு முழுக்க இடது கண்ணாலேயே பிழைப்பு நடத்தியவருக்கு வலது கண் என்று ஒன்று இருப்பதே அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

நேராகக் கேமரா டாக்டரிடம் போனார். அது பழுதுபார்ப்பவருக்குக் கடைத்தெரு வைத்த பட்டம். அவர் கேமராவை அக்கு அக்காகப் பிரித்து, உள்ளே கடிகாரத்துக்கு இருக்கும் பொட்டு பேட்டரியைக்கூடக் கழற்றி மாட்டி, ஒரு குறையும் இல்லை என்று கொடுத்தனுப்பினார். கண்ணில் வந்த கோளாறைக் கேமரா டாக்டரிடம் காட்டிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பிய மனுஷன் உலகத்தில் இவர் ஒருவர்தான் இருப்பார்.

"கண்ணைக் கொஞ்சம் காட்டிட்டு வாங்களேன்" என்றாள் அக்கா.

"கண்ணுக்கு என்ன கேடு? ஊசியில நூல் கோத்துக் காட்டட்டுமா?"

"திரை இறங்கின மாதிரி இருந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கேமராவுக்குள்ளன்னு சொன்னேன். என் கண்ணுக்குள்ளன்னா சொன்னேன்?"

அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது. பக்கத்துக் கடை மருந்துக்கடைக்காரர் வேறு, "தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரை வாங்கி ரெண்டு மாசமாச்சு. வேற கடையில வாங்குறாரா?" என்று கேட்டுவைத்தார். எந்தக் கடையிலும் வாங்கவில்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிட்டாராம். மாத்திரை போட்டதால்தான் நன்றாக இருந்தது என்பதை அந்த மனுஷனுக்கு யார் எடுத்துச் சொல்வது? அக்கா சொன்னாள், அழுதாள், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவர் எதற்கும் அசைந்துகொடுக்கவில்லை.

மருந்துக்கடைக்காரரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். போன வருடம் ஓர் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் பக்கவாதத்தைப் பற்றி ஒரு நோட்டீஸ் அடிக்க அக்காவிடம் வந்தார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட முகம் ஒன்று அதில் வேண்டும் என்றார்கள். அப்படி ஒரு முகத்துக்கு எங்கே போவது? பக்கத்துக் கடையில் சும்மா உட்கார்ந்திருந்த இவர் முகத்தைப் படம் எடுத்து, உதட்டோரத்தை மவுஸால் கீழே இழுத்துவிட்டாள் அக்கா. மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பையும் அழித்தாள். அச்சு அசலாக வந்துவிட்டது. நோட்டீஸ் வெளியான பிறகு மருந்து வாங்க வந்த ஒவ்வொருவரும், "இப்ப பரவால்லையா அண்ணே?" என்று விசாரித்ததில் மனுஷன் நொந்துபோனார். ஆனாலும் அந்த நோட்டீஸைத் தன் கடைக் கண்ணாடிக் கதவில் அவரே ஒட்டி வைத்திருந்தார்.

அதில் இருந்த வாசகங்களையும் தட்டச்சு செய்தவள் அக்காதான். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், வாயில் எதுவும் கொடுக்காதீர்கள் என்று பெரிய எழுத்தில் போட்டாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நான்கு தடவை பார்த்தாள். விஷயத்தை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. அச்சு வேலை செய்கிறவர்கள் பலருக்கும் இந்த வியாதி உண்டு.

சரி, அந்தக் காலைக்கு வருவோம். ஸ்டுடியோக்காரரின் வண்டி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஊருக்கெல்லாம் படம் எடுப்பவரிடம் தன்னுடைய படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கேமராவை அக்காவிடம் கொடுத்தார். முதலில் எடுப்பது முகத்துக்கான படம் அல்ல, வெளிச்சத்துக்கான படம். அதற்கு ஒரு சாம்பல் நிற அட்டையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். யார் வந்தாலும் முதல் படம் அட்டையோடுதான், அது அந்தக் கடையின் சட்டம். அவரும் வலது கையால் அட்டையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தார்.

லைசென்ஸ் படத்தில் சிரிக்கக் கூடாது என்று அக்கா அதட்டினாள். அதற்குப் பிறகுதான் பாடு. ஊர் உலகத்துக்கே உட்காரச் சொல்லிக்கொடுப்பவர், தானாக உட்கார வேண்டி வந்தால் படுமோசம். ஃப்ளாஷ் அடிக்கும்போதெல்லாம் கண்ணை மூடினார். மறுபடி, மறுபடி. கடைசியில் ஒருவழியாகக் கண் திறந்திருந்தபோது வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"வாயை நேரா வைங்க" என்றாள் அக்கா.

"நேராத்தான் வச்சிருக்கேன்."

"எங்க நேரா? விளையாடாதீங்க. வேற ஆள் வந்துடப் போறாங்க."

"நேராத்தாம்மா வச்சிருக்கேன்!"

அவள் அலுத்துப்போய் எடுத்துவிட்டாள். கண் திறந்திருக்கிறதே, அது போதும். மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் எழுந்து வந்து கேமராவை வாங்கி, மெமரி கார்டை எடுக்கப் பார்த்தார். கட்டைவிரல் மூடியைத் தள்ளித் தள்ளி வழுக்கியது. "அந்தக் கேமரா டாக்டர் மூடியைக் கெடுத்துட்டான்" என்று முணுமுணுத்தார். அக்கா வாங்கித் தொட்டதும் திறந்துகொண்டது. அவளுக்கு மனசுக்குள் ஏதோ ஒன்று நெருடியது. அது என்ன என்று நின்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கார்டிலிருந்து அந்தக் கடைசிப் படத்தை மட்டும் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு, கார்டைக் கேமராவிலேயே திருப்பிப் போட்டு, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கேமரா பையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தில் இருக்க வேண்டும், மேஜையில் வைத்தால் அவருக்குக் கோபம் வரும்.

லைசென்ஸ் படத்தில் கைவைக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அவளுடைய கை சட்டம் படித்த கை அல்ல. படம் திரையில் பெரிதாக வந்ததும் கண் கோணலைப் பார்த்தது, விரல் போய்விட்டது. உதட்டின் ஓரத்தைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினாள். மூக்குப் பக்கத்து மடிப்பு அந்தப் பக்கம் மட்டும் காணாமல் போயிருந்தது. வெளிச்சம் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு பக்கத்திலிருந்து மடிப்பை எடுத்து ஒட்டினாள். எல்லாமே ஒரு பாட்டு கேட்டு முடிக்கும் நேரத்தில் முடிந்துபோயிற்று. லட்சணமாக இருந்தார் மனுஷன்.

"வந்து பாருங்க, மாப்பிள்ளை மாதிரி ஆக்கிட்டேன்!"

அவர் வந்தார். வரும்போது வலது காலைக் கொஞ்சம் தேய்த்துக்கொண்டு வந்தார். அவள் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து திரையைப் பார்த்தார். அவள் பெருமையோடு திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

திரையில் வாய் நேராக இருந்தது. பக்கத்தில் இருந்த முகத்தில் அது கோணிக்கொண்டிருந்தது. அந்த ஓரத்தில் எச்சில் வழிந்து தாடைக்கு வந்திருந்தது, அவருக்கு அது தெரியவே இல்லை.

அக்கா எழுந்துவிட்டாள். அது விளையாட்டும் இல்லை, வெளிச்சத்தின் குற்றமும் இல்லை. போன வருடம் மருந்துக்கடைக்காரர் முகத்தில் தன் கையாலேயே இழுத்துவிட்டாளே, அதே கோணல், அதே மடிப்பு இல்லாத கன்னம். அதை அடையாளம் காணாமல் இப்போது இதே கையால் அழித்தும் விட்டாள்.

"என்னங்க... ஒரு தடவை சிரிங்க."

"இப்பதான... சிழிக்காதன்ன?"

"பரவால்ல. எனக்காகச் சிரிங்க."

சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது.

"ரெண்டு கையையும் தூக்குங்க." தூக்கினார். இடது கை நின்றது. வலது கை பாதி வழி வந்து, யாரோ பிடித்துக் கீழே இழுத்தமாதிரி இறங்கியது. அவர் அந்தக் கையைப் பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

"நீங்க தினம் கஸ்டமர்கிட்ட சொல்றதைச் சொல்லுங்க. தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க. அதைச் சொல்லுங்க."

"தாழையை..." என்று ஆரம்பித்தார். "கொஞ்சம்... கண்ணு... கண்ணு..." ஆயுசு முழுக்கச் சொன்ன வார்த்தை எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. அவர் கண்ணில் பயம் வந்தது. அவள் அந்தக் கண்ணில் கோபம் பார்த்திருக்கிறாள், கேலி பார்த்திருக்கிறாள். பயத்தை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அவரைச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். விலாசம் சொல்லும்போது சொந்தக் கடையின் பெயரே வாயில் வரவில்லை. பிறகு "அண்ணே! அண்ணே!" என்று அலறினாள். மருந்துக்கடைக்காரர் பாதி கட்டிய மருந்துப் பொட்டலத்தோடு ஓடிவந்தார்.

இந்த இடத்தில்தான் விதி கொஞ்சம் விளையாடியது. அவர் வருவதற்குள் வாய் ஓரளவு நேராகிவிட்டது. ஸ்டுடியோக்காரர் வலது கையைத் தூக்கிக் காட்டினார், அது நின்றது. பேச்சும் திரும்பியது.

"பாரு, ஒண்ணுமில்ல. நீதான் ஊரைக் கூட்டுற. போன் பண்ணி வர வேணாம்னு சொல்லு. செத்த நேரம் படுத்தா சரியாயிடும்."

"ஆமா தங்கச்சி, இப்ப நல்லாத்தானே இருக்காரு?" என்றார் மருந்துக்கடைக்காரர். "சாப்பிடாம இருந்திருப்பாரு. சர்க்கரை கரைச்சு ஒரு வாய் குடுப்போம்."

அக்கா ஒரு நிமிடம் தடுமாறினாள். நம்ப ஆசையாக இருந்தது. இரண்டு ஆண்களும் சொல்கிறார்கள், முகமும் நேராகிவிட்டது, அவளுக்கு வேண்டியதும் அதுதானே. ஆம்புலன்ஸ் வந்து நின்றால் கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்க்கும். அப்புறம் ஆயுசுக்கும் அவர் அதைச் சொல்லிக் காட்டுவார். போனை எடுத்தாள். எடுத்தவள் நிமிர்ந்து பார்த்தபோது திரையில் அவளே நேராக்கிய முகம் லட்சணமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நேராக இருப்பதை நம்பித்தான் இவ்வளவு நேரத்தை விட்டோம் என்று நெஞ்சில் சுருக்கென்றது. போனைக் கீழே வைத்துவிட்டாள்.

மருந்துக்கடைக்காரர் அதற்குள் டம்ளரோடு வந்து அவர் வாயருகே கொண்டுபோனார். அவள் பாய்ந்து தட்டிவிட்டாள். சர்க்கரைத் தண்ணீர் அவர் சட்டையெல்லாம் தெறித்தது.

"வாயில எதுவும் குடுக்கக் கூடாது அண்ணே! தொண்டையில அடைச்சுக்கும். உங்க கதவுல ஒட்டியிருக்கே, நீங்க படிக்கலியா?"

"நீ படிச்சியா?" என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

ஆம்புலன்சின் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே வாய் மறுபடி இறங்கத் தொடங்கியது. இந்தத் தடவை கையும் அசையவில்லை. ஸ்டுடியோக்காரர் அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினாள். கடையைப் பூட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கடையை மருந்துக்கடைக்காரர் பார்த்துக்கொண்டார்.

வண்டிக்குள் அவர் இடது கை அவள் விரலை நசுக்கிவிடுவதுபோலப் பிடித்திருந்தது. கழுத்தில் கேமரா ஆடி ஆடி நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவே இல்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் செய்ய நினைத்தாள். என்ன சொல்வது? உங்க அப்பாவுக்கு வாய் கோணிச்சு, அம்மா அதை கம்ப்யூட்டர்ல அழகா நேராக்கிட்டேன் என்றா? போனை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. ஒரு பக்கம் அவரைச் சோதித்துக்கொண்டே, இன்னொரு பக்கம் படபடவென்று கேட்டாள்.

"கடைசியா இவர் எப்ப நல்லா இருந்தாரு?"

"காலையில நல்லாத்தான் இருந்தாரு."

"காலையிலன்னா எப்பம்மா? தூங்கி எழுந்தப்பவே இப்படி இருந்துச்சா? சரியா சொல்லுங்க. ரத்தக் கட்டைக் கரைக்க ஓர் ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு அப்புறம் போட்டா ஆபத்து. எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியாம நான் போட முடியாது."

அக்கா யோசித்தாள். எழுந்தபோது எப்படி இருந்தார்? 'கை மேல படுத்துட்டேன், மரத்துப்போச்சு' என்று சொன்னது இன்றைக்கா, நேற்றா? விடியற்காலையில் கடை திறந்தவள் அவர் முகத்தை ஒழுங்காகப் பார்த்தாளா? ஊரார் முகத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் தெரியும், வீட்டுக்காரர் முகம் காலையில் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. தவறாகச் சொன்னால் ஊசியே அவரைக் கொன்றுவிடும். சொல்லாமல் விட்டால் அந்தக் கையும் பேச்சும் போனது போனதுதான். அவள் நெஞ்சில் கைவைத்தாள். கை கேமராவில் பட்டது.

"போட்டோ இருக்கு!" என்று கத்திவிட்டாள். "எடுத்தேன்! முதல் போட்டோவுல நல்லா இருந்தாரு!"

அடுத்த நொடியே அவளுக்குச் சந்தேகம் வந்தது. படத்தை இறக்கியதும் கார்டை அழித்துவிடுவது அவள் வழக்கம். அழித்தோமா? பட்டனை அழுத்தினாள். கடைசிப் படம் வந்தது, கோணல் வாயோடு. பின்னால் போனாள். மூடிய கண், மூடிய கண், மூடிய கண். பிறகு அவர் வந்தார். வலது கையில் அட்டையை நட்டமாகப் பிடித்துக்கொண்டு, முழு முகமும் சிரித்தபடி. அக்கா கேமராவை டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

டாக்டரம்மா கேமராவை வாங்கி உற்றுப் பார்த்தாள். "கை நல்லா தூக்கியிருக்காரு. முகமும் சரியா இருக்கு." பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா இதுல தேதியே எங்கேயோ பழைய வருஷம் காட்டுதே?"

கேமரா டாக்டர் பேட்டரியைக் கழற்றிய கோலம் அது. 'நேரத்தை அப்புறம் வச்சுக்கலாம்' என்று கணவர் விட்டிருந்தார். இந்த ஒரு கேமராவால் எத்தனை தடவைதான் ஏமாறுவது?

"இருங்க" என்றாள் டாக்டரம்மா. "கடிகாரம் தப்பா இருந்தா என்ன, ஓடிக்கிட்டுதானே இருக்கு? இப்ப ஒரு போட்டோ எடுங்க. ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பார்ப்போம்."

அக்கா எதை எடுப்பது என்று தெரியாமல் எதிரில் இருந்த சுவரை எடுத்தாள். படம் கலங்கலாக விழுந்தது, அவள் வாழ்க்கையிலேயே மோசமான படம். இரண்டு நேரத்தையும் டாக்டரம்மா கழித்துப் பார்த்தாள். இன்னும் நேரம் இருந்தது. நிறையவே இருந்தது.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ரத்தம் கசியவில்லை, அடைப்புதான் என்று தெரிந்தது. ஊசி போட்டால் சில பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம், சம்மதமா என்று கேட்டார்கள். மகளிடம் போனில் கேட்டாள். மகள் அழுதுகொண்டே, "நீ என்னம்மா சொல்ற?" என்று திருப்பிக் கேட்டாள். அக்கா கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் கண் எதையும் சரிசெய்யவில்லை. இறங்கிய வாய், அசையாத கை, மருந்து வாசனையில் மிரண்ட விழி, எல்லாவற்றையும் இருக்கிறபடி பார்த்தாள். "போடுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். அந்த வராந்தாவில் நாற்காலிகள் ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று கோணல்மாணலாகக் கிடந்தன. சுவரில் ஒரு படம் சாய்ந்து தொங்கியது. அக்கா எதையும் தொடவில்லை. நர்ஸ் கதவைத் திறந்தபோதெல்லாம் எழுந்தாள், மூடியபோதெல்லாம் உட்கார்ந்தாள். டாக்டரம்மா ஒருமுறை வெளியே வந்து, இதற்கு முன்னால் ஏதாவது நடந்ததா, கண் இருட்டியதா என்று கேட்டாள். அக்கா கறுப்புத் திரை கதையைச் சொன்னாள். "அதுதாம்மா முதல் எச்சரிக்கை. கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சுன்னு விடக் கூடாது. அன்னைக்கே ஓடி வந்திருக்கணும்." அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வந்தோமே, கேமரா டாக்டரிடம், என்று சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். அவர் கண்ணை மூடியிருந்தார். அவள் முகத்துக்கு மேல் குனிந்து, வாயையும் கன்னத்தையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்தார்.

"தாடையைக்... கொஞ்சம் இறக்கு" என்றார், தடுக்கித் தடுக்கி. "மூக்கு மட்டும்தான் தெரியுது."

அவள் அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நர்ஸ் வந்து அதட்டும்வரை நிறுத்தவில்லை.

கை திரும்பிவிட்டது. முதலில் டம்ளர் பிடித்தார், பிறகு கேமரா பிடித்தார். பேச்சில் ஒன்றிரண்டு எழுத்து மட்டும் சோர்வாக இருக்கும்போது வழுக்கும். மாத்திரை வேளை தவறுவதில்லை. தவறினால் மருந்துக்கடைக்காரர் கடை வாசலிலிருந்தே கத்துவார். ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களுக்குத்தான் தொல்லை. அக்கா இப்போதெல்லாம் படம் எடுப்பதற்கு முன்னால் எல்லோரையும் ஒரு தடவை சிரிக்கச் சொல்கிறாள், பிறகு சிரிக்கக் கூடாது என்கிறாள். சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

லைசென்ஸ் புதுப்பிக்கும் வேலை பாக்கியாகவே கிடந்தது. மறுபடி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வலது கையால் சாம்பல் அட்டையை நட்டமாகப் பிடித்தார். கண்ணை மூடாமல் இருக்க வழக்கம்போலப் பாடுபட்டார். படம் திரையில் பெரிதாக வந்தது. வலது உதட்டின் ஓரம் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. அது அப்படியே நின்றுவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

அவர் அக்காவின் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிவிடேன். அசிங்கமா இருக்கு."

மவுஸ் அவள் கையில்தான் இருந்தது. விரல் துருதுருத்தது. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்."

"ஊருக்கெல்லாம் பண்றே. எனக்கு மட்டும் மாட்டியா?"

"மாட்டேன்" என்றாள். "இதுதான் இப்ப உங்க முகம். இது எனக்கு மனப்பாடமா இருக்கணும். நாளைக்கு இதுக்கு மேல ஒரு நூல் இறங்கினா, எனக்குத் தெரியணும்."

அவள் படத்தை அப்படியே பிரின்டுக்குக் கொடுத்துவிட்டு, திரும்பி அவர் முகத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.